டெல்லா, லெனோவோவா? 50 ஆயிரத்துக்குள்ள வீட்டு லேப்டாப், கடலோரம் வேற

தண்டையார்பேட்டை வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு லேப்டாப் எடுக்கணும். பட்ஜெட் 50,000, மிஞ்சிப்போனா இன்னும் ரெண்டாயிரம். பொண்ணு பி.காம் படிக்கிறா: டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு. சாயந்திரத்துல வீட்டுக்காரங்க அதுலயே கடை பில் போடுவாங்க. கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் கிடையாது. டேபிள்ல ஒரே இடத்துல, சார்ஜர் மாட்டினபடியேதான் பெரும்பாலும் ஓடும். அஞ்சு வருஷமாவது வரணும்.

கடையில காட்டினது ரெண்டு:

டெல் இன்ஸ்பிரான் 15 3520: ஐ5-1235யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி.
லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 3, 15ஐஏஎச்8: ஐ5-12450எச், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி.

ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. கடைக்காரர் "டெல்னா கண்ணை மூடிக்கிட்டு எடுங்க"ன்றார், பக்கத்துக் கடையில லெனோவோவுக்கு அதையே சொல்றாங்க. காசிமேடு பக்கம் வீடு, உப்புக்காத்து அடிக்கும். அதுக்கு எது தாங்கும்? இதே காசுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய திங்க்பேட் எடுக்கலாம்னும் சொல்றாங்க. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.


மூலக்கடை சர்வீஸ்:

சார், பேரை வெச்சு ஆரம்பிச்சா முடிவே வராது. ரெண்டுலயும் ப்ராசஸர் இன்டெல். எஸ்எஸ்டி, டிஸ்ப்ளே பேனல் எல்லாம் அதே நாலஞ்சு கம்பெனிக்காரங்க ரெண்டு பேருக்கும் சப்ளை பண்றது. டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி, லெனோவோவுக்குப் புதுச்சேரியில. கம்பெனிக்குக் கம்பெனி நிஜமாவே மாறுறது மூணு இடத்துல: ரேம் வெக்கிற விதம், சார்ஜர், பழுதானா வர்ற சர்வீஸ்.

ரேம். அந்த டெல்லுல ரெண்டு ஸ்லாட் இருக்கு, அதிகபட்சம் 16 ஜிபி போகும். 8 ஜிபி மெஷின்ல பெரும்பாலும் ஒரே குச்சி, இன்னொரு ஸ்லாட் காலி. டிடிஆர்4, 260 பின் லேப்டாப் ரேம், 1.2 வோல்ட். 3200ன்னு எழுதியிருக்கிற குச்சியும் போடலாம், மெஷின் அதை 2666 வேகத்துல ஓட்டிக்கும். ரெண்டு குச்சி போட்டா இன்னொரு லாபம்: இந்த ப்ராசஸர்ல உள்ள ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் ரெட்டை சேனல் இருந்தாத்தான் முழுசா வேலை செய்யும். ஒத்தக் குச்சியில வெறும் யுஎச்டின்னு காட்டும். அந்த லெனோவோவுல ஸ்லாட்டே கிடையாது. எல்பிடிடிஆர்5 சிப்பு நேரா மதர்போர்டுல சாலிடர் பண்ணியிருப்பாங்க, கூட்டவும் முடியாது, மாத்தவும் முடியாது. 16 ஜிபி இருக்கறதால உங்க வேலைக்கு இன்னிக்குப் பிரச்சனை இல்ல. ஆனா ஒரு சிப்பு போச்சுன்னா குச்சி மாத்துற செலவோட முடியாது, போர்டு வேலை. அதே மாடல் 8 ஜிபில விலை குறைச்சுக் காட்டினா தொடாதீங்க.

கடையிலயே இதைப் பார்த்துடலாம். டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல மெமரியைத் தட்டுங்க. கீழ "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2"ன்னு இருந்தா ஒண்ணு காலி. "ஃபார்ம் ஃபேக்டர்"ங்கிற இடத்துல "எஸ்ஓடிம்"னு வந்தா குச்சி, "ரோ ஆஃப் சிப்ஸ்"னு வந்தா சாலிடர். விக்கிறவர் சொல்றதைவிட இந்த ஒரு வரி நம்பகமானது.

சார்ஜர். டெல்லோட உருளை பின் நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும். அதுல கரன்ட் போறதில்ல, சார்ஜருக்குள்ள இருக்கிற சின்ன சிப்பு "நான் 65 வாட்"னு லேப்டாப்புக்குச் சொல்ற வழி அது. அந்த ஊசி வளைஞ்சாலோ, பின்னுக்குப் பக்கத்துல ஒயர் மடிஞ்சு மடிஞ்சு உள்ள நூல் கம்பி அறுந்தாலோ, சிப்பு இல்லாத டூப்ளிகேட் மாட்டினாலோ, ஆன் பண்ணும்போது அடாப்டர் வகை தெரியலன்னு மெசேஜ் வரும். லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, ப்ராசஸர் வேகத்தை அதுவே பாதிக்கும் கீழ இறக்கிக்கும். "லேப்டாப் ஸ்லோ"ன்னு விண்டோஸ் ஃபார்மேட் வரைக்கும் போறவங்க உண்டு, கோளாறு சார்ஜர்ல. ஆன் பண்ணி டெல் லோகோ வரும்போது எஃப்2 தட்டி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) உள்ள பேட்டரிப் பக்கம் பாருங்க. ஏசி அடாப்டர்ங்கிற வரியில 65 வாட்னு வரணும். "அன்நோன்" அல்லது "நன்"னு வந்தா சார்ஜரையோ ஜாக்கையோதான் பார்க்கணும்.

லெனோவோ ஸ்லிம் 3 சார்ஜர் 20 வோல்ட் 3.25 ஆம்பியர், 4 மில்லிமீட்டர் உருளை பின், நடுவுல ஊசி கிடையாது. டெல் 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர், 4.5 மில்லிமீட்டர் பின். ஒண்ணு மத்ததுக்குச் சேராது, தேச்சுப் பொருத்த வேண்டாம்.

கீபோர்டு விஷயத்துல ரெண்டும் ஒரே லட்சணம்தான். கீபோர்டை மேல் கவரோட பிளாஸ்டிக் உருக்கி ஒட்டியிருப்பாங்க. டீ கொட்டினா கீபோர்டு மட்டும் மாத்துறது கம்பெனி கணக்குல கிடையாது, மேல் கவர் மொத்தமா வரும். டேபிள்ல ஒரே இடத்துல வெக்கிறீங்க, கடை பில் வேற போடுறீங்க. நம்பர் பேட் உள்ள சாதா யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் ஒண்ணு மாட்டிடுங்க. தேயறது அதுவா இருக்கட்டும்.

சர்வீஸ். டெல்லுக்கு அடியில ஏழு எழுத்துல சர்வீஸ் டேக். லெனோவோவுக்கு எட்டு எழுத்து சீரியல் நம்பர். ரெண்டையும் கம்பெனி வெப்சைட்டுல போட்டா வாரண்டி எந்தத் தேதி வரைக்கும், வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களா, நாம தூக்கிட்டுப் போகணுமான்னு காட்டும். ஒரே மாடல் பேருல ரெண்டு விதமும் இருக்கும், அதனால பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி டப்பாவுல இருக்கிற நம்பரைப் போட்டுப் பாருங்க. பழுதுன்னு போன் பண்ணறதுக்கு முன்னாடி டெல்லுல எஃப்12 தட்டி டயக்னோஸ்டிக்ஸ் ஓட்டுங்க. கோளாறு இருந்தா 2000-னு ஆரம்பிக்கிற ஒரு எரர் நம்பர் வரும், உதாரணமா 0142 வந்தா டிஸ்க். அந்த நம்பரைச் சொல்லிட்டா "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா" படலம் பாதி குறையும். திரை வெளுத்தா, இருண்டா, "டி" கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் பட்டனைத் தட்டினா பேனல் மட்டும் தனியா கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி காட்டும். அங்கயும் திரையில கோடு, கோளாறு தெரிஞ்சா பேனல், தெரியலன்னா விண்டோஸ் பக்கமோ கிராஃபிக்ஸ் பக்கமோ.

என் ஓட்டு டெல்லுக்கு, ஆனா கூட ஒரு 8 ஜிபி குச்சிக்கும் சேர்த்து விலை கணக்கு போடுங்க. 2025 கடைசியில இருந்து தனி ரேம் விலை ஏறிக் கிடக்கு. "அப்புறம் பார்த்துக்கலாம்" கணக்கு இப்ப செல்லாது.


ராயபுரம் ரீபூட்:

அண்ணாத்த சொன்ன சார்ஜர் மேட்டர் நூத்துக்கு நூறு. ஆனா அதுவேதான் லெனோவோ வாங்கறதுக்குக் காரணம், அவர் ஏன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்னு புரியல.

ஸ்லிம் 3 15ஐஏஎச்8ல உருளை பின் ஜாக் போக, ஒரு டைப்-சி ஓட்டை இருக்கு. அது சார்ஜும் ஏத்தும், மானிட்டருக்கு டிஸ்ப்ளேவும் கொடுக்கும். ஜாக் ஆடிப்போனாலும் 65 வாட் பிடி (டைப்-சி வழியா ஏத்தற "பவர் டெலிவரி") சார்ஜர் ஒண்ணு இருந்தா வேலை நிக்காது. 20 வோல்ட் 3.25 ஆம்பியர்னு சார்ஜர் மேல எழுதியிருக்கணும், செல்போன் 33 வாட் சார்ஜரை மாட்டிட்டு ஏறலன்னு வந்து கேக்காதீங்க. 3520ல அந்த வசதி கிடையாது. டைப்-சி இருக்கிற வகையிலயும் "டேட்டா ஒன்லி"ன்னுதான் டெல்லோட மேனுவலே சொல்லுது. பர்மா பஜார்ல பிராண்டு பேரு ஒட்டின சார்ஜர் வாங்கி ஊசி பஞ்சாயத்து பார்க்கிறதைவிட இது மேல்.

ப்ராசஸர்ல 1235யு, 12450எச்சுன்னு பேரைப் பார்த்துக் குழம்ப வேணாம். 1235யு: ரெண்டு பெரிய கோர், எட்டு சின்ன கோர், 15 வாட் வகை. 12450எச்: நாலு பெரிய கோர், நாலு சின்ன கோர், 45 வாட் வகை. எக்செல்ல பெரிய ஷீட்டு, பத்து இருபது க்ரோம் டேப், கூடவே மீட்டிங்னு வெச்சா எச் வகை சொகுசா போகும். விலை என்னன்னா, ஃபேன் சத்தம் கூட, பேட்டரி சீக்கிரம் இறங்கும். சார்ஜர் மாட்டியே ஓட்டற வீட்டுக்கு ரெண்டாவது குறை குறையே இல்ல. டேலிக்கு ரெண்டுமே யானைப்பசிக்குச் சோளப்பொரியோட தலைகீழ் கதை, வேலை அவ்வளவு சின்னது.

ஏஎம்டி போட்ட லெனோவோ, டெல் எதையாவது கடையில நீட்டினா நம்பர்ல மூணாவது இலக்கத்தைப் பாருங்க. 7520யு பேருல ஏழாயிரம் இருந்தாலும் உள்ள ஜென் 2 (ஜென்னா ஏஎம்டி ப்ராசஸர் டிசைனோட தலைமுறை), பழைய சரக்கு. 7530யு ஜென் 3. 7540யு ஜென் 4. ரைசன் 5 ஸ்டிக்கர் மூணுலயும் ஒண்ணுதான். விக்கிறவங்களுக்கே இது தெரியாது, தெரிஞ்சவங்க சொல்ல மாட்டாங்க.

டிஸ்ப்ளே ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த லெனோவோவுல ஒரே மாடல் பேருக்குக் கீழ டிஎன் பேனல் 250 நிட்ஸும் (நிட்ஸ்னா வெளிச்ச அளவு) வருது, ஐபிஎஸ் 300 நிட்ஸும் வருது. டிஎன் வந்தா கண்ணுக்கு நேரா நல்லா இருக்கும், மூடியைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சா மேல வெளுத்து கீழ கறுத்துரும், ஐபிஎஸ்ல அப்படி ஆகாது. கடையில ஆன் பண்ணி வெள்ளைப் பக்கம் ஒண்ணு வெச்சு, மூடியை முன்னாடி பின்னாடி ஆட்டிப் பாருங்க. ரெண்டு செகண்ட் வேலை. டெல் 3520 இதுல பரவாயில்ல, பக்கவாட்டுல நிறம் மாறாத 120 ஹெர்ட்ஸ் பேனல் வருது, ஆனா வெளிச்சம் 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் டேபிள் போட்டா ரெண்டுலயும் கஷ்டம்.

எதுல எது வருதுன்னு லெனோவோ ஒரு தளம் நடத்துது, பேரு பிஎஸ்ஆர்இஎஃப். டப்பாவுல 82 அல்லது 83ல ஆரம்பிக்கிற பத்து எழுத்து மாடல் நம்பர் இருக்கும். அதைப் போட்டா பேனல் வகை, ரேம் சாலிடரா ஸ்லாட்டா, எஸ்எஸ்டி நீளம் 2242ஆ 2280ஆ, பேட்டரி எத்தனை வாட்-அவர், சார்ஜர் ரெண்டு பின்னா மூணு பின்னா வரைக்கும் வரும். இப்படி ஒரே பக்கத்துல டெல்லுல கிடைக்காது, மாடலுக்கு மாடல் மேனுவல் தேடணும்.

16 ஜிபி, ஐபிஎஸ், டைப்-சி மூணும் இருந்தா லெனோவோ. டிஎன் பேனல்னா மூலக்கடை அண்ணன் பக்கம் போயிடுங்க, சண்டை இல்ல.


வியாசை பிட்ஸ்:

ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபண்ணி விக்கிறது) பத்திக் கேட்டீங்க. அங்கயும் போட்டி இதே ரெண்டு கம்பெனிதான்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூடு 7490. ரெண்டும் 2018 சரக்கு, எட்டாம் தலைமுறை இன்டெல், நாலு கோர், ரெண்டு ரேம் ஸ்லாட். அதுக்குக் கீழ ஏழாம் தலைமுறைக்குப் போகாதீங்க: டி470, 7480 ரெண்டும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்ல, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. டி480 பேருக்குப் பின்னாடி ஒரு "எஸ்" இருந்தா வேற மெஷின், அதுல ஒரு ரேம் சாலிடர்.

உடம்பு கெட்டி, ஹிஞ்ச் (மூடியோட கீல்) கெட்டி, கீபோர்டு தனியா கழட்டி மாத்தலாம். இந்த மூணும் மேல சொன்ன புதுசு ரெண்டுலயும் இல்லாதது. ஆனா உங்க வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ரெண்டுமே 14 இன்ச், நம்பர் பேட் கிடையாது, டேலி அடிக்கிறவங்களுக்கு அது கை ஒடிஞ்ச மாதிரி. வாரண்டி கடைக்காரர் சொல்றதுதான், கம்பெனி கணக்குல முடிஞ்சுபோயிருக்கும். பட்ஜெட் 25க்குள்ள இருந்திருந்தா கதை வேற.

அப்படியும் பார்க்கணும்னா நாலே நாலு சோதனை. முதல்ல ஆன் பண்ணி பயாஸுக்குள்ள போக விடுதான்னு பாருங்க, திங்க்பேடுல எஃப்1, டெல்லுல எஃப்2. பாஸ்வேர்டு கேட்டா கீழ வெச்சுட்டு வந்துருங்க. திங்க்பேட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு சின்ன பேட்டரியைக் கழட்டினா போகாது, போர்டுல சிப்பு வேலை. ரெண்டாவது, விண்டோஸை ரீசெட் பண்ணி இன்டர்நெட்டோட ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஏதாவது கம்பெனி பேரைக் காட்டி லாகின் கேட்டா அது இன்னும் அந்த ஆபீஸ் கணக்குல பூட்டிக்கிடக்கிற மெஷின். மூணாவது பேட்டரி: கமாண்ட் ப்ராம்ப்ட்ல "பவர்சிஎஃப்ஜி"ன்னு அடிச்சு, இடைவெளி விட்டு ஸ்லாஷ் போட்டு "பேட்டரிரிப்போர்ட்"னு ஒட்டி அடிங்க, ஆங்கில எழுத்துலதான். வர்ற பக்கத்துல டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு எண் இருக்கும். ரெண்டாவது முதலாவதுல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா புதுப் பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க. டி480ல பேட்டரி ரெண்டு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனியா பாருங்க. நாலாவது, டி480ல டைப்-சி சார்ஜ் ஓட்டை. அதோட தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்த ஓட்டையை ஓட்டற உள் சாஃப்ட்வேர்) பழசுல ஒரு கோளாறு இருந்து, நாளாக நாளாக ஓட்டையே செத்துப்போற கேஸ் வந்தது, லெனோவோ திருத்தி அப்டேட் விட்டது. ரெண்டு டைப்-சியிலயும் மாத்தி மாத்தி மாட்டி ஏறுதான்னு பார்த்துட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த அப்டேட் போடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோல போனா கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துரலாம். ஞாயித்துக்கிழமை வேணாம், முக்கால்வாசி கடை சாத்தியிருக்கும்.


தண்டையார்பேட்டை வாசி:

ரொம்ப நன்றிங்க, பழசு எண்ணத்தை விட்டுட்டேன். லெனோவோ கடையில மூடியை ஆட்டிப் பார்த்தேன், வெளுக்கல, ஐபிஎஸ்தான் போல. ரெண்டு கேள்வி பாக்கி. உப்புக்காத்து பத்தி யாரும் சொல்லல. இன்னொண்ணு, அந்தக் கடை டெமோ பீஸ்ல சார்ஜர் ரெண்டு பின்தான். யுஎஸ்பி ஓட்டை இரும்பைத் தொட்டா விரல்ல சுரீர்னு ஒரு மாதிரி இருந்துச்சு. இது பழுதா?


திருவொற்றியூர் எர்த்து:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பழுது இல்லை. சார்ஜருக்குள் கரன்ட் வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவில், இரைச்சலை அடக்க ஒரு சிறிய கெபாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியாக மிகக் குறைந்த அளவு கரன்ட் கசிந்து வரும். மூன்று பின் சார்ஜரில் அது எர்த்துக்குப் போய்விடும். இரண்டு பின்னில் போக வழி இல்லாததால் லேப்டாப்பின் இரும்புப் பாகத்தில் நின்று, தொடுகிறவர் விரல் வழியே இறங்குகிறது. சுரீர் என்பது அதுதான். ஆபத்தான அளவு இல்லை, ஆனால் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டால் கூடுதலாகத் தெரியும். ஸ்லிம் 3க்குச் சுவரில் நேராகச் சொருகும் இரண்டு பின் சார்ஜரும் வருகிறது, மூன்று பின் சார்ஜரும் வருகிறது. டப்பாவில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

ஆனால் மூன்று பின் சார்ஜர் வாங்கி, எர்த் இல்லாத பாயின்டில் சொருகினால் அதே சுரீர்தான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வரணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்டுக்குள் இருக்கணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 80, 110 என்று அலைந்தால் எர்த் இல்லை. டிஜிட்டல் மீட்டர் சில சமயம் இல்லாத வோல்டையும் காட்டும். அதனால் ஒரு குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டு முழுப் பிரகாசமாக எரிகிறதா என்று பார்ப்பது உறுதி. ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் இந்தப் பல்பு சோதனை செய்தால் அது உடனே விழும். விழுந்தால் எர்த் இருக்கிறது என்றே அர்த்தம். இந்தச் சோதனைகளை எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எர்த் இல்லை என்றதும் சில பேர் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து "சரி பண்ணிட்டேன்" என்பார்கள். சுரீர் நின்றுவிடும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால், அந்தப் பாயின்டில் சொருகிய எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உட்பட. அப்படி இணைத்திருந்தால் மீட்டர் நியூட்ரல் எர்த் நடுவில் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும், அதையே சந்தேகத்துக்கு அடையாளமாக வையுங்கள். தனி எர்த் கம்பி, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இதுதான் சரியான வேலை. லேப்டாப்பை விட இதற்குத்தான் முதலில் செலவு செய்யணும்.


மூலக்கடை சர்வீஸ்:

எர்த்து அண்ணன் சொன்னதுக்கு மேல அந்த விஷயத்துல ஒண்ணும் இல்ல. உப்புக்காத்துக்கு வர்றேன்.

எந்தக் கம்பெனியும் உப்புக்காத்துக்குன்னு பண்றதில்ல, வாரண்டியிலயும் துரு, தண்ணி சேராது. காத்துல வர்ற உப்பு தூசியோட சேர்ந்து படியும், ராத்திரி ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். முதல்ல யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டை இரும்பு மங்கும், அடி ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அப்புறம் ஃபேன் தண்டு கரகரங்கும். கடைசியா கீபோர்டு, டச்பேட் பட்டை ஒயர் முனையில பச்சை பூத்து சில கீ வேலை செய்யாது. இதுல ஒரு நல்ல சேதி: தினமும் ஓடற மெஷின் தன் சூட்டுலயே ஈரத்தை விரட்டிக்கும். லீவுக்கு ஊருக்குப் போறேன்னு ரெண்டு மாசம் மூடி வெக்கிறதுதான் கெடுதல். அப்படி வெக்கிறதா இருந்தா பேட்டரி 50, 60 சதவீதத்துல விட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஜிப் கவர்ல போட்டு அலமாரியில வைங்க. ஓடும்போது கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரா வேணாம். ஃபேன் காத்தை இழுக்குது, அந்தக் காத்துல இருக்கிறது எல்லாம் உள்ள போகும்.

எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் லாரி தூசி வேற இருக்கு உங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து துடைக்கணும். ஷட்டவுன் பண்ணி சார்ஜரைக் கழட்டி, அடி ஸ்க்ரூ எடுக்கும்போது ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் வரைஞ்சு எந்த ஓட்டை ஸ்க்ரூ எங்கன்னு குத்தி வைங்க. நீளமான ஸ்க்ரூவைச் சின்ன ஓட்டையில முறுக்கினா மேல கவர் வீங்கி விரல்ல தட்டும். கவர் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. தூசி ஃபேன் றெக்கையில இருக்கிறதைவிட, ஃபேனுக்கும் சூட்டை வெளிய தள்ளுற செம்பு ஃபின்னுக்கும் நடுவுல கம்பளி மாதிரி ஒரு பட்டையா நிக்கும். ஃபேனைக் கழட்டாம ஊதினா அது அசையாது. ஊதும்போது றெக்கையை விரலால பிடிச்சுக்கங்க, சுத்த விட்டா தண்டு போகும். பட்டை ஒயர் முனைக்கு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சுல தொட்டு. சானிடைசர் கூடாது, அதுல தண்ணியும் பசையும் இருக்கு.

சார்ஜர் மாட்டியே ஓட்டறதுக்கு இன்னொரு செட்டிங். முழு 100ல நிக்க நிக்க, அதுவும் சூட்டுல, பேட்டரிக்குள்ள வாயு சேர்ந்து உப்பும். லெனோவோ வான்டேஜ் ஆப்ல டிவைஸ், பவர் உள்ள கன்சர்வேஷன் மோடை ஆன் பண்ணா மாடலைப் பொறுத்து 60லயோ 80லயோ நின்னுக்கும். டெல்லுல பயாஸ் பேட்டரி பக்கத்துல "ப்ரைமரிலி ஏசி யூஸ்" வைங்க, இல்ல "கஸ்டம்"ல 50ல ஏற ஆரம்பிச்சு 80ல நிக்கச் சொல்லுங்க. இதுல டெல் ஒரு படி மேல, விண்டோஸ் போட்டு அழிச்சாலும் பயாஸ் செட்டிங் போகாது. லெனோவோவுல வான்டேஜை மறுபடி போடாம அந்த செட்டிங் கைக்கு வராது. டச்பேட் தட்டறதுக்குக் கெட்டியா ஆச்சுன்னா, டேபிள்ல வெச்சா லேப்டாப் ஆடினா, பேட்டரி உப்பிருச்சு. ஆஃப் பண்ணி சார்ஜரை எடுத்துட்டு மாத்தக் கொடுங்க. குத்துறது, அமுக்கிப் பார்க்கிறது வேணாம்.

மூடியை எப்பவும் நடுவுல பிடிச்சுத் திறங்க. ரெண்டு மாடல்லயும் ஹிஞ்ச் ஸ்க்ரூ பிளாஸ்டிக்ல பதிச்ச பித்தளைக் காய்ல உட்கார்ந்திருக்கு. ஒரு மூலையில பிடிச்சுத் தூக்கினா மொத்தப் பளுவும் ஒரு பக்கத்துக் காய்க்குப் போகுது. துருவால ஹிஞ்ச் இறுகினா இன்னும் மோசம். திறக்கும்போது ஹிஞ்சுக்கு மேல ஃப்ரேம் லேசா வாய் பிளந்தா அன்னிக்கே நிறுத்தி, ஹிஞ்ச் நட்டைக் கால் சுத்து தளர்த்தச் சொல்லுங்க. காய் பிடுங்கிட்டு வந்தப்புறம் மேல் கவர் மாத்தற செலவு.


ராயபுரம் ரீபூட்:

ஐபிஎஸ்னு கன்ஃபார்ம் ஆச்சுல்ல, எடுத்துருங்க. மூணு பின் சார்ஜர் இல்லாட்டி 65 வாட் டைப்-சி மூணு பின் அடாப்டர் தனியா வாங்கிக்கலாம், லெனோவோவே விக்குது.


தண்டையார்பேட்டை வாசி:

சரி, லெனோவோ 16 ஜிபி. எர்த் பார்க்க நாளைக்கு ஆள் வர்றார். கடைசியா ஒண்ணு. டப்பா நம்பரைப் போட்டுப் பார்த்தா வாரண்டி நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிச்ச மாதிரி காட்டுது. பழசைத் தலையில கட்டறாங்களா?


வியாசை பிட்ஸ்:

அவசியம் அப்படி இல்ல. கடையில ஸ்டாக் கிடந்தா ஃபேக்டரியில இருந்து கிளம்பின தேதியை வெச்சு ஓட ஆரம்பிச்சிருக்கும். பில் தேதியை வெச்சு திருத்தச் சொல்லி கம்பெனி சைட்டுலயே மனு போடலாம், டெல்லுக்கும் அந்த வழி உண்டு. பில்லுல சீரியல் நம்பர் அச்சாகியிருக்கணும், தேதி இருக்கணும், கடை ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுத்தா ஏத்துக்க மாட்டாங்க. உங்க கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தா கடை பேருலயே பில் போடுங்க. 18 சதவீதம் வரி, கடை வேலைக்குப் போற பங்குக்கு இன்புட் க்ரெடிட் (வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கறது) எடுக்கலாமான்னு ஆடிட்டரைக் கேட்டுக்கங்க. டப்பா சீல் கடையில உங்க கண்ணு முன்னாடி உடையட்டும். விண்டோஸ் முதல் செட்டப் திரை வராம நேரா டெஸ்க்டாப் வந்தா அந்த பீஸ் வேணாம்னு சொல்லிடுங்க.